சுகந்தி எந்தப் பக்கம்

பங்குனி 2

என் காடைக்குட்டி,

கோகிலா எனக்கும் ஒரு நோட்டு கொடுத்துவிட்டாள். இங்கே தங்கியிருக்கிற பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்று கொடுத்துக்கொண்டே வந்தவள், அடுப்படிக்கும் வந்து நீட்டினாள். தினமும் ஏதாவது எழுத வேண்டுமாம்.

"நான் சமைக்க வந்தவ. எனக்கெதுக்கு அம்மிணி?" என்றேன்.

"நீங்களும் இந்த வீட்லதான இருக்கறீங்க மாதியக்கா" என்றாள்.

அவளிடம் பேசி ஜெயிக்க முடியாது. நாலாவது வரை படித்த கை இது. கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள். யாருக்கு எழுதுவது என்று யோசித்தேன். உன்னைத் தவிர எனக்கு யார்?

இந்த வீட்டை நீ பார்த்ததில்லை. நம் வேங்கைமொக்கையிலிருந்து மேலே ஏறினால் புளியஞ்சரிவு. அங்கே ஓட்டு வீடு, பின்னால் ஓடை. தங்கியிருப்பது எல்லாம் நம் இருளச் சனத்துப் பிள்ளைகள். ஹாஸ்டலை விட்டு ஓடி வந்தது, மில்லை விட்டு ஓடி வந்தது, எவனுக்காகவோ கஞ்சா மூட்டை தூக்கிப் போலீசில் மாட்டியது, விடிந்ததும் குடிக்கத் தேடுவது. கோகிலா டவுன் ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்தவள். கட்டுப் போட்டு அனுப்பிய பிள்ளை திரும்பவும் புதுக் காயத்தோடு வருவதைப் பார்த்துப் பார்த்து, வேலையை விட்டுவிட்டு இந்த வீட்டைத் தொடங்கினாளாம். வாரம் ஒரு நாள் டாக்டர் வருகிறார். மாத்திரை உண்டு. மற்ற நேரமெல்லாம் காடு, ஓடை, ஆட்டம்.

நான் சம்பளத்துக்குத்தான் வந்தேன். வேறு ஒன்றுமில்லை.

பங்குனி 3

களி, மொச்சைக் குழம்பு. அடுப்பு புகைகிறது.

பங்குனி 5

புதிதாக ஒருத்தி வந்திருக்கிறாள். பேர் சுகந்தி. பதினேழு வயசு. வந்ததிலிருந்து பையை மடியை விட்டு இறக்கவில்லை.

நம் சனத்தில் யார் வீட்டுக்கு வந்தாலும் தண்ணீர் கொடுத்த கையோடு கேட்பது ஒன்றுதானே. நானும் கேட்டேன். "எந்தக் குலம் கண்ணு?"

அவள் சுவரைப் பார்த்தாள். வாசலில் பிரதாப் என்கிற பையன் விறகைப் போட்டுவிட்டு, "நாங்கெல்லாம் குப்பே குலம்டா, மாமன்மாருங்க தள்ளி நில்லுங்கடா" என்று யாரிடமோ அலட்டிக்கொண்டிருந்தான்.

"குப்பே" என்றாள் சுகந்தி.

குப்பே. உன் அப்பா குலம், உன் குலம். அப்படியென்றால் அவள் எனக்கு மகள் முறை.

"அப்ப என்னைய சின்னம்மான்னு கூப்பிடு" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. உள்ளே போய், உரித்து வைத்திருந்த வெங்காயத்தையே திரும்ப உரித்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் கோகிலா வந்தாள். "மாதியக்கா, இவளுக்கு மட்டும் காரம் வேணாம். கஞ்சி, இல்லாட்டி மசிச்ச சோறு. தொண்டைப் புண்ணு இன்னும் ஆறல."

"என்னத்தக் குடிச்சா?"

கோகிலா அதைச் சொல்லாமல் கஞ்சிச் சட்டியை எடுத்துக் கொடுத்தாள். நானும் அப்புறம் கேட்கவில்லை.

பங்குனி 9

இந்தச் சுகந்தியால் எனக்கு இரட்டை வேலை. எல்லாருக்கும் ஒரு அடுப்பு, இவளுக்குத் தனி அடுப்பு. கூடமாட உதவுகிறேன் என்று வந்து நின்று பாலைத் தீய விட்டாள். சட்டியைத் தேய்க்கச் சொன்னால் கைப்பிடியை உடைத்தாள்.

"உங்கூர்ல அடுப்பே இல்லயா புள்ள?"

"ஹாஸ்டல்ல மணி அடிச்சாத் தட்டுத் தூக்குவோம் சின்னம்மா. மில்லுலயும் மணி அடிச்சாத் தட்டுத் தூக்குவோம். அடுப்ப நான் பாத்ததே இல்ல."

கஞ்சியில் கொஞ்சம் கொம்புத் தேன் விட்டுக் கொடுத்தேன். புண்ணுக்கு நல்லது. யாராக இருந்தாலும் கொடுத்திருப்பேன்.

பிரதாப் அவளைத் தங்கச்சி, தங்கச்சி என்று ஒரே உபசாரம். குடத்தை அவள் தூக்கவே விடுவதில்லை. "எங்க தங்கச்சியக் கண்ணு எடுத்துப் பாத்தவன் ஓடையில கெடப்பான்" என்று மற்ற பையன்களை மிரட்டுகிறான். கஞ்சா மூட்டை தூக்கி மூன்று மாசம் உள்ளே இருந்தவன் இவன்தான். அவன் தங்கச்சி என்று கூப்பிடும்போதெல்லாம் அவள் தலையைக் குனிந்துகொள்கிறாள். வெட்கம் என்று நினைத்தேன்.

அவள் போனுக்கு ஒருத்தன் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான். மில்லுக்கு ஆள் பிடிக்கிறவனாம். அவள் எடுப்பதில்லை. அணைத்தும் வைப்பதில்லை.

பங்குனி 14

இன்றைக்குச் சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும். இந்தக் கோகிலாவை நீ பார்த்திருக்க வேண்டும், காடைக்குட்டி.

வெயில் சாய்ந்ததும் குழல் ஊதி, தம்பட்டையும் பொறை மேளமும் தட்டுவார்கள். பிள்ளைகள் வட்டம் கட்டி ஆடுவார்கள். சுகந்தி வந்த நாள் முதலாகத் தூண் ஓரத்தில்தான் உட்கார்ந்திருப்பாள். இன்றைக்குக் கோகிலா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஆட வரலக்கா. மனசு சரியில்ல."

"மனசுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல சாமி. முன்னாடி ஆடறவ காலப் பாரு. அவ வெச்ச எடத்துல நீ வெய்யி. மனச அப்பறம் பாத்துக்கலாம்."

அவ்வளவுதான் சொன்னாள். கையைப் பிடித்து இழுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து இந்தப் பெண் எழுந்து வட்டத்தில் கடைசியாகச் சேர்ந்தாள். முதலில் தப்புத் தப்பாக வைத்தாள். அப்புறம் கால் கேட்டுக்கொண்டது. குனிந்த தலையோடு, முன்னால் போகிறவள் குதிகாலையே பார்த்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினாள். வேர்வை சொட்டச் சொட்ட ஆடினாள். மற்றதுகள் களைத்து உட்கார்ந்த பிறகும் அவள் உட்காரவில்லை. தம்பட்டைக்காரப் பையன்தான் கடைசியில் கையெடுத்துக் கும்பிட்டான்.

ஒரு பிள்ளையை ஆட வைக்க எத்தனை பேர் எத்தனை பேச்சுப் பேசியிருப்பார்கள். இவள் காலைப் பார் என்றாள். எங்கிருந்துதான் வருகிறதோ இந்தப் புத்தி.

பங்குனி 20

உனக்குக் கல் வைக்கிற நாள் குறித்துவிட்டார்கள். சித்திரை பத்து. ஆஸ்பத்திரியிலிருந்து உன்னைக் கொண்டுவந்த வேகத்தில் மண்ணுக்குள் வைத்தோம். இப்போதுதான் முறையாகக் கல் எடுத்துவந்து, கொப்பமனை வீட்டுக்குள் நம் முன்னோர் கல்லோடு சேர்க்கப் போகிறோம். நீ போய் ஒரு வருசம் ஆவதற்குள் செய்ய வேண்டும் என்று மூப்பன் பொம்மன் சொல்லியனுப்பினார்.

கோகிலாவிடம் லீவு கேட்டேன். "நாங்களும் வரலாமா மாதியக்கா? பிள்ளைக நம்ம சடங்க இப்பத்தான் மொதல்ல பாக்கும்" என்றாள். நான் என்ன வேண்டாம் என்றா சொல்வேன்.

அவர்களை உட்கார வைத்துப் பக்கம் பிரிப்பதைச் சொல்லிக் கொடுத்தேன். செத்தவள் குப்பே என்றால் குப்பே சனம் முழுக்க ஒரு பக்கம். அவர்கள் உட்கார்ந்திருப்பார்கள், அழுவார்கள், ஒரு துரும்பைத் தூக்கக்கூடாது. மாமன் மச்சான் குலம் எதிர்ப்பக்கம். ஆற்றிலிருந்து கல் கொண்டுவருவது, உலை வைப்பது, எல்லாம் அவர்கள் வேலை. பொம்பளைப் பிள்ளைக்கு மாமன் மகள்தான் கல் சுமக்க வேண்டும். நீ குப்பே, நான் பிறந்தது சம்பே. சம்பேயில் என் அண்ணன் பழனனுக்குப் பிள்ளை கிடையாது. தூரத்துச் சொந்தத்தில் யாரையாவது கேட்க வேண்டும்.

"அப்ப நானும் தங்கச்சியும் சும்மா உக்காந்திருந்தாப் போதுமா?" என்று பிரதாப் கேட்டான். "இதத்தாண்டா நான் பொறந்ததுலேர்ந்து பண்ணிட்டிருக்கறேன்."

எல்லாரும் ஓவென்று கத்தினார்கள். சுகந்தி மட்டும் எழுந்து போய்விட்டாள்.

பங்குனி 22

அவள் பொய் சொல்லியிருக்கிறாள்.

உன் ரங்கியத்தை சடங்கு விஷயம் பேச வந்தாள். என் நாத்தனாரைப் பற்றி உனக்குத் தெரியாதா, வாய் சும்மா இருக்காது. சுகந்தி கஞ்சி கிளறிக்கொண்டிருந்தாள். குப்பே குலத்துப் பிள்ளை என்று நான்தான் பெருமையாகச் சொன்னேன்.

"அட, நம்ம புள்ளயா! அம்மா இருக்குதா சாமி?"

"செத்துப்போச்சுங்க. நான் சின்னதா இருக்கறப்ப."

"அடடா. கல்லு எந்தக் கொப்பமனையில இருக்குது?"

சுகந்தி கொஞ்சம் யோசித்தாள். "கல்லு வாங்கலீங்க. அப்ப காசு இல்ல."

கல்லை யாராவது வாங்குவார்களா? ஆற்றில் இறங்கி எடுத்து வருவதல்லவா? நம் சனத்தில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் தெரியும் அது.

"ஏ புள்ள, நீ யாரு?" என்றாள் ரங்கி.

விறகோடு வந்த பிரதாப் வாசலிலேயே நின்றுவிட்டான். "அப்ப நீ எனக்குத் தங்கச்சி இல்லயா?" என்றான். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. பறிகொடுத்தவன் மாதிரி கேட்டான். அதுதான் அவளைக் குத்தியிருக்க வேண்டும். கரண்டியைச் சட்டிமேல் வைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

அதே நாள், விளக்கு வைத்த பிறகு

கோகிலா அவள் பின்னாலேயே பஸ் நிறுத்தத்துக்குப் போனாள் என்று கேள்விப்பட்டு, தூக்குப்போசியில் கஞ்சியை ஊற்றிக்கொண்டு நானும் போனேன். எதற்குப் போனேன் என்று கேட்காதே. கஞ்சி வீணாகிவிடுமே.

இரண்டு பேரும் திட்டில் உட்கார்ந்திருந்தார்கள். கோகிலா திட்டவுமில்லை, கெஞ்சவுமில்லை. "எறங்கிப் போறதுன்னா போ. வண்டி வர்ற வரைக்கும் தொணைக்கு உக்காந்திருக்கறேன்" என்றாளாம்.

சுகந்தி என்னை நிமிர்ந்தே பார்க்கவில்லை. "நான் குப்பே இல்ல. எந்தக் குலமும் எனக்குத் தெரியாது. அப்பன் பேரே தெரியாது. ஹாஸ்டல்ல கேட்டா வார்டன் எஸ்.டி.ன்னு சொல்லச் சொன்னாங்க."

"குலத்துக்கா கஞ்சி காச்சுனேன்? ஆறுது, குடி."

வெள்ளை வேன் ஒன்று வந்து நின்றது. கண்ணாடியை இறக்கி, போனில் கூப்பிட்டுக்கொண்டிருந்த அந்த மில் ஆள், "ஏறு சுகந்தி. உங்கட்டிலு காலியாத்தான் கெடக்குது" என்றான். அவள் பையைத் தூக்கினாள். போனால் இந்த முறை அந்தப் பிள்ளை திரும்பாது என்று எனக்குத் தெரிந்தது. எப்படித் தெரியும் என்று சொல்லத் தெரியவில்லை.

"குடிச்சிட்டு ஏறு" என்றேன். வேறு என்ன சொல்வது?

குடித்தாள். அந்தத் தொண்டையில் ஒரு வாய் இறங்க எத்தனை நேரமாகும் என்று எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. ஒரு மடக்கு. கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவாள். மூச்சு விடுவாள். இன்னொரு மடக்கு. அவன் ஹாரன் அடித்தான். இறங்கி ஒரு பீடி பிடித்தான். திரும்ப அடித்தான். தூக்குப்போசியில் பாதிகூடக் குறையவில்லை. "உனக்கு வேற வேலயில்ல, நாளைக்கு வர்றேன்" என்று போய்விட்டான்.

அவள் கடைசிவரை குடித்தாள். பஸ்ஸும் வந்தது, போனது. அப்போதுதான் கோகிலா பேசினாள். "எனக்கும் எங்குலம் இருபத்திநாலு வயசுலதான் தெரியும் சுகந்தி. நானும் ஹாஸ்டல்ல வளந்தவதான். ஊர் ஊரா அலைஞ்சு கேட்டேன். உனக்கும் கேப்போம். தெரிஞ்சாத் தெரியுது. தெரியலீன்னா, வேற வழியிருக்குது."

மூன்று பேரும் மேலே ஏறினோம். பையைப் பாதி வழிக்கு நான் சுமந்தேன்.

பங்குனி 26

பிரதாப் நாலு நாளாகப் பேசவில்லை. இன்றைக்குக் காலையில் குடத்தை அவள் கையிலிருந்து பிடுங்கினான். "தங்கச்சி இல்லன்னா என்ன மொறைன்னு தெரியற வரைக்கும் தூக்கறேன். அப்பறம் கணக்குப் பாத்துக்கலாம்" என்றான். அவன் அம்மா அவனை எந்த நேரத்தில் பெற்றாளோ, தங்கம்.

ரங்கி மட்டும் பிடிவாதமாக இருக்கிறாள். குலம் இல்லாதவள் சடங்கில் எந்தப் பக்கம் நிற்பாள், டவுன்காரர்கள் மாதிரி வெளியே நின்று வேடிக்கை பார்க்கட்டும் என்கிறாள். மூப்பனிடம் கோகிலா போய்க் கேட்டிருக்கிறாள். "யாராச்சும் கையப் புடிச்சு, சபையில எம்புள்ளன்னு சொல்லோணும். சொன்னா அந்தக் குலம். அவ்வளவுதான்" என்றாராம்.

பங்குனி 29

அரிசி வந்தது. சாக்கில் ஓட்டை.

அடுப்படியில் யாரும் இல்லாதபோது 'எம்மக' என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். வாய் வருகிறது.

சித்திரை 4

அவளிடமே சொல்லிவிட்டேன். "சபையில உன்னைய எம்மகன்னு சொல்லப் போறேன். குப்பேன்னு சொன்ன பொய்யி நெசமாயிரும். எம்பக்கத்துல உக்காந்துக்க."

சந்தோசப்படுவாள் என்று நினைத்தேன். அவள் கரி படிந்த கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே நின்றாள்.

"வேணாங்க சின்னம்மா."

"ஏன்?"

"எங்கம்மா செத்தப்ப என்னைய ஒரு மூலைல உக்கார வெச்சாங்க. வர்றவங்கெல்லாம் பாவம் பாவம்னு தலையத் தடவுனாங்க. ஆஸ்பத்திரில கண்ணு முழிச்சப்பவும் பாவம்தான். மறுக்கா என்னைய உக்கார வெக்காதீங்க. எதிர்ப்பக்கம் விடுங்க. எனக்கு வேலை குடுங்க."

எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. ராத்திரிக் குழம்பில் உப்பு இரண்டு தடவை விழுந்துவிட்டது. அவ்வளவுதான்.

சித்திரை 6

யோசித்துப் பார்த்தேன். அவள் கேட்டது சரிதான்.

கீழே போய் அண்ணனைப் பார்த்தேன். உன் பழனமாமன் கோழிக்குக் கூண்டு கட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, நம்ம சம்பேயில ஒரு புள்ளயச் சேத்துக்கறயா? உம்மகளா."

"சோறாக்குவாளா?"

"ஆக்க மாட்டா. தீய விடுவா."

"அப்பச் சந்தேகமே இல்ல, நம்ம குலந்தான்" என்றார். அப்புறம் கூண்டை விட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அவ அம்மாவுக்கும் கல்லு இல்லீன்னு கேள்விப்பட்டேன். அதயும் எம்பொண்டாட்டி கல்லுக்குப் பக்கத்துல தை மாசம் வெச்சரலாம்னு சொல்லு" என்றார். பிள்ளையில்லாத மனுசன். இத்தனை வருசமாக இந்த அன்பை எங்கே மடித்து வைத்திருந்தாரோ.

சித்திரை 11

நேற்று நடந்தது. எழுதிவிடுகிறேன்.

சபையில் அண்ணன் சுகந்தி கையைப் பிடித்து, "இது எம்புள்ள" என்றார். மூப்பன் தலையசைத்தார். ரங்கி, "குலம் கெடைச்ச கையோட வேலையும் கெடைச்சிருச்சு, போ, போய்க் கல்லத் தூக்கு" என்றாள். அவள் சம்மதம் சொல்கிற விதம் அதுதான்.

ஆற்றில் சுகந்தி ஒவ்வொரு கல்லாகப் புரட்டினாள். எதுவும் பிடிக்கவில்லை. கரையில் உட்கார்ந்திருந்த என்னிடம் வந்தாள். "அத்தே, உங்க மக எப்படி இருப்பா?"

அத்தை. முதல் தடவையாக அப்படிக் கூப்பிட்டாள்.

"குண்டா இருப்பா. நோவு வந்து இளைக்கறதுக்கு முன்னாடி. நடந்தாத் தரை அதிரும்."

அவள் திரும்பப் போய், இருந்ததிலேயே கனமான கல்லைப் பிடுங்கினாள். சின்னதாக எடு என்று கோகிலாகூடச் சொன்னாள். "ஏங்க்கா, அத்த மகள இளைக்க வெச்சா தூக்கிட்டுப் போறது?" என்று கேட்டுவிட்டுத் தலையில் சும்மாட்டை வைத்து ஏற்றிக்கொண்டாள்.

அந்த ஏற்றம் உனக்குத் தெரியும். வெறும் ஆளே மூச்சு வாங்குகிற ஏற்றம். கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு நின்றது. ஒரு இடத்தில் முழங்கால் மடிந்து உட்கார்ந்துவிட்டாள், கல்லை மட்டும் விடவில்லை. நான் கை கொடுக்கக்கூடாது, பிரதாப் தொடக்கூடாது, நாங்கள் குப்பே. கல்லைத்தான் தொடக்கூடாது என்று அவன் தம்பட்டையை எடுத்துக்கொண்டு அவள் முன்னால் வந்து நின்றான். பின்பக்கமாகவே நடந்துகொண்டு தட்டினான். "எங்காலப் பாரு. ஏ சம்பேக்காரி, எங்காலப் பாத்து வெய்யி." அவள் எழுந்தாள். அவன் வைத்த இடத்தில் வைத்து வைத்து ஏறினாள். பின்னால் கோகிலா, அவள் பின்னால் அந்தப் பிள்ளைகள் அத்தனையும் அதே அடியில் ஏறி வந்தார்கள். ஓடிப்போனது, மாட்டியது, விழுந்தது என்று ஊர் பேர் வைத்த பிள்ளைகள். கண்ணு, ராசா வீட்டுக்குக்கூட இப்படி ஒரு படை வராது. அது உனக்கு வந்தது.

கொப்பமனைக்குள் உன் அப்பா கல்லுக்குப் பக்கத்தில் உன்னை வைத்து எண்ணெய் ஊற்றினாள். அதோடு நான் உடைந்துவிட்டேன். ஆறின சோற்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். தொட முடியவில்லை. எதிர்ப்பக்கத்துக்காரர்கள் நம்மைச் சாப்பிட வைத்தாக வேண்டுமே. திட்டுவார்கள், கேலி பேசுவார்கள், செத்தவரையும் விடமாட்டார்கள், இருக்கிறவர் வாயில் சோறு போகிறவரை. என் சித்தப்பன் மகன் பேசிப் பார்த்தான். அண்ணன் பேசிப் பார்த்தார். நான் தலையைத் தூக்கவில்லை.

சுகந்தி சட்டியோடு வந்து என் எதிரில் சம்மணம் போட்டாள். கழுத்தெல்லாம் ஆற்று மண்.

"ஏ அத்தே. உங்க களியத் தின்னுட்டுத்தான் உங்க மக இவ்வளவு சீக்கிரமா ஓடிட்டா."

ரங்கி வாயில் கை வைத்தாள். கோகிலா முகம் வெளுத்துப் போனது.

"நானும் ஒரு மாசமா உங்க கஞ்சியக் குடிச்சிட்டிருக்கறேன். அதுக்கு முன்னாடி வேற என்னத்தயெல்லாமோ குடிச்சுப் பாத்தேன். இன்னும் சாகல. எனக்கு எத்தன கெட்டி உசுருன்னு பாத்துக்கங்க. இப்ப வாயத் தொறக்கறீங்களா, இல்ல இதயும் நானே திங்கட்டுமா?"

அடிவயிற்றிலிருந்து என்னவோ கிளம்பி வந்தது. அழுகை என்றுதான் நினைத்தேன். வாயைத் திறந்தால், காடைக்குட்டி, சிரிப்பு. நிறுத்த முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் கொட்ட, உன் கல் இருக்கிற அந்த வாசலிலேயே உட்கார்ந்து சிரித்தேன். ரங்கி சிரித்தாள், அண்ணன் சிரித்தார், பிரதாப் தம்பட்டையைப் போட்டுவிட்டு உருண்டான். அந்தச் சந்தில் அவள் ஒரு உருண்டையை என் வாயில் திணித்துவிட்டாள்.

கொப்பமனையின் சிறிய கதவு திறந்துதான் இருந்தது. நீ இருந்தது நாலு எட்டுத் தூரம்.

உனக்குக் கேட்டதா?